முந்தநாள் சினைப்படுத்திய மாடு

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். தடுப்பூசி என்றால் என்ன, அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, நோய் வருமுன்னரே அதை ஏன் போட வேண்டும் என்று பத்தாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் கீறி விளக்கியிருக்கிறேன். கவனிக்காத பிள்ளைகளை அவர்கள் இருக்கும் வாங்கின்மேல் ஏற்றி நிற்க விட்டிருக்கிறேன். இந்தக் கதையில் வாங்கின்மேல் ஏறி நிற்க வேண்டியது யார் என்பதை ஒளிக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது நான்தான்.

வேலையிலிருந்து இளைப்பாறியபின் சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. புத்தூரில் எங்களுக்கு ஒரு வெங்காயத் தோட்டம் இருக்கிறது. அது என் கணவரின் ராச்சியம். அங்கே போய் இரண்டு நாள் யோசனை சொன்னேன். மூன்றாம் நாள் அவர், "இஞ்சரும், உமக்கு ஒரு மாடு வாங்கித் தாறன்" என்றார். அப்படி வந்ததுதான் சிவலை. ஜேர்சிக் கலப்பு. காலையில் ஏழு போத்தல், பின்னேரம் நாலு போத்தல் கறக்கும். அதற்குமுன் மாட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆறு மாதத்துக்குள் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்தவர்களுக்கெல்லாம் மாடு வளர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டேன். படிப்பித்த வாய் சும்மா கிடக்காது.

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் பிள்ளையார் கோயில். திருவிழா பத்து நாளும் காலை அபிஷேகத்துக்கு எங்கள் வீட்டுப் பால்தான். அதற்குப் பெயர் பால் உபயம். தினமும் அபிஷேகம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில், "இன்றைய பால் உபயம், இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை, திருமதி..." என்று என் பெயரை நீட்டி வாசிப்பார்கள். நான் காதில் விழாதவள்போல அடியார்களோடு அடியாராகக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன். கனடாவில் இருக்கும் தங்கச்சி கைத்தொலைபேசியில் நேரலை பார்த்துவிட்டு, "அக்கா, உங்கடை பேர் வடிவாய்க் கேட்டது" என்று செய்தி அனுப்புவாள். அந்தச் செய்தியை நான் இரண்டு மூன்று தரம் வாசிப்பேன். கடவுள் பக்தி என்று இதைத்தான் நான் ஆறு வருடமாய் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்தப் பக்திக்கு ஒரு சோதனை வந்தது. வடக்கொழுங்கையில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் இரண்டு மாடு வாங்கிவிட்டு, "ரீச்சரின்ரை மாட்டிலை பால் குறைஞ்சால் சொல்லுங்கோ, நான் தாறன்" என்று கோயிலில் சொல்லிவைத்திருந்தார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கையில் கால்நடைப் பகுதியினர் வீடு வீடாய் வந்து கால் வாய் நோய்க்கு ஊசி போடுகிறார்கள் என்று தெரிந்தது. மாட்டின் வாயும் குளம்பும் புண்ணாகி, பாலும் போய், சினை மாடென்றால் கன்றும் போகிற பொல்லாத வருத்தம் அது. ஊசியின் அருமை எனக்குத் தெரியும். ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளைக்கு மாடு உள்ளுக்குள் காய்ச்சல் காய்ந்து பால் குறையும் என்பதும் தெரியும். மூன்று நாளில் கொடியேற்றம். தபாலதிபரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

இனி எதிர்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இருப்பவள் என்னிலும் இருபது வயது இளையவள். மயிலிட்டியில் பிறந்து, இடம்பெயர்ந்து வந்து, எங்கள் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். கணவர் நாலு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவளிடம் இருந்தது ஒரேயொரு கறுத்தப்பசு. அதன் பாலில்தான் அடுப்பு எரிந்தது. அந்தப் பசு மூன்று தரம் சினைப்படுத்தியும் தரிக்காமல் திரும்பத் திரும்ப வேட்கைக்கு வந்து கத்தியது. பால் வற்றிக்கொண்டு வந்தது. கொடிகாமத்தில் இருந்து இறைச்சிக்கு மாடு வாங்கும் யாவாரி ஒருவர் படலைக்குள் வந்து அதன் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டும் போயிருந்தார். "இன்னும் ஒருக்கால் பாப்பம்" என்று அவள் நாலாம் முறையும் சினைப்படுத்தினாள். அதுதான் கடைசி என்று அவளுக்கும் தெரியும், யாவாரிக்கும் தெரியும். இருபத்தோராம் நாள் பசு கத்தவில்லை. நாற்பத்திரண்டாம் நாளும் கத்தவில்லை. பின்னேரம் மாட்டுக்குக் குழை வெட்டப் போகும்போது என்னைக் கண்டால், "நாப்பத்தைஞ்சு நாள் ரீச்சர்", "நாப்பத்தாறு ரீச்சர்" என்று விரலை மடக்கிச் சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் வீட்டு வேலியில் ஒரு பசளைச் சாக்கு காய்ந்துகொண்டிருந்தது. மாடு ஈன்றதும் கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால்மரத்தில் தொங்கினால் மாட்டுக்கும் பால் சுரக்கும் என்று சொல்வார்கள். ஈனுவதற்கு இன்னும் ஏழரை மாதம் இருந்தது. அவள் இப்போதே சாக்கைக் கழுவிப் போட்டுவிட்டாள். "உதென்னடி பிள்ளை, கன்று உருவாகவே இல்லை, அதுக்குள்ளை சாக்கோ?" என்று நான் பகிடி பண்ணினேன். அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊசி போட வந்த உத்தியோகத்தர் என்னிடம் பத்தாம் வகுப்பில் படித்த பிள்ளை. படலையில் நின்றே, "ரீச்சர், மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்கோ, ஒரு நிமிச வேலை" என்றாள். அப்போதுகூட நான் பொய் சொல்வதாகத் தீர்மானித்திருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"இல்லைப் பிள்ளை, முந்தநாள்தான் சினைப்படுத்தினது. இப்ப ஊசியைப் போட்டால் காய்ச்சல் காய்ஞ்சு தரிக்காமல் போயிடுமெல்லே."

பொய் சொல்லத் தெரியாதவர்கள் தடுமாறுவார்கள். எனக்குப் பொய்யும் பாடம் எடுப்பதுபோல ஒழுங்காய் வந்தது, காரணத்தோடு வந்தது. அந்தக் காரணம் உண்மையானது என்பதுதான் அதிலுள்ள அயோக்கியத்தனம்.

"ஓம் ரீச்சர், சினைப்படுத்தின கையோடை போடாமல் விடுறது நல்லம்தான்" என்று அந்தப் பிள்ளை உடனே நம்பிவிட்டது. நான் சொன்ன முந்தநாள் திகதியைச் சிவலையின் ஊசி அட்டையில் அழகான எழுத்தில் எழுதியது. "நாப்பத்தைஞ்சு நாள் போகட்டும், நானே வந்து போடுறன். உங்களைப் போலை எல்லாரும் விளங்கி நடந்தால் எங்களுக்கு வேலை சுகம்" என்றது. கிணற்றடியில் என் கணவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். பார்த்துவிட்டு, கழுவின கையையே மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

எதிர்ப்படலையில் அவள் நின்றாள். ஒழுங்கை பத்தடி அகலம். நான் சொன்ன ஒரு சொல்லும் அவளுக்குத் தவறியிருக்காது. உத்தியோகத்தர் அங்கே போய், "அக்கா, உங்கடை மாட்டுக்கு நாப்பத்தெட்டு நாள் ஆச்சுது, பயமில்லை, போடலாம்" என்றது. அவள் அந்தப் பிள்ளையின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தாள். நான் எங்கள் முருங்கை மரத்தைப் பார்த்தேன். அதில் அன்று பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

"வேண்டாம் மிஸ்" என்றாள். "ரீச்சர் வீட்டு மாட்டுக்கே போடேல்லை."

அந்தப் பிள்ளை வடிவாக விளங்கப்படுத்தியது. ரீச்சரின் மாட்டுக்கு இரண்டு நாள்தான், உங்களுடையதற்கு நாள் கடந்துவிட்டது, இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லியது. அவள் தலையை ஆட்டினாள், சம்மதிக்கவில்லை. "சரியக்கா, ரெண்டு கிழமையாலை சனசமூக நிலையத்திலை விடுபட்ட மாடுகளுக்குப் போடுவம். அங்கையாவது கொண்டுவாங்கோ" என்று சொல்லிவிட்டு அது போனது.

இப்போது நினைத்தால் என்னை நானே பிடித்து உலுக்க வேண்டும்போல வருகிறது. ஒழுங்கையைக் கடந்து போய், "எடி பிள்ளை, நீ போடு" என்று சொல்ல எனக்குப் பத்தடி. நான் வீட்டுக்குள் போய்ப் பாற்செம்புகளைப் புளி போட்டு மினுக்கினேன்.

திருவிழா சிறப்பாய் நடந்தது. சிவலை ஒரு போத்தல்கூடக் குறைக்கவில்லை. தினமும் என் பெயர் ஒலித்தது. தபாலதிபர் எனக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். அவருடைய மாடுகளுக்கு ஊசி போட்டுப் பால் குறைந்துவிட்டதாம். "சுகம்தானே முக்கியம் ரீச்சர்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்குப் பரிதாபம் வந்தது. அதைவிட மடைத்தனமான பரிதாபம் என் ஆயுளில் வந்ததில்லை.

ஆறாம் நாள் திருவிழா. நான் பாற்செம்போடு கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன். எதிர்வீட்டவள் பின்னாலே ஓடி வந்தாள்.

"ரீச்சர், வாற புதன்கிழமை சனசமூக நிலையத்திலை ஊசியாம். கறுப்பியைக் கொண்டுபோகட்டோ?"

சரியான பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் என் பொய்க்குக்கூட ஒரு கெடுதியும் வந்திருக்காது. "என்ரை மாட்டின்ரை கதை வேறை, உன்ரை மாட்டுக்கு நாள் போட்டுது, கொண்டுபோ" என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் உள்ளே மணி அடித்துவிட்டது. ஒலிபெருக்கிக்காரர் தொண்டையைச் செருமினார். என் பெயர் வரப்போகிறது.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் பொறுத்துப் பார்த்தாள். புதன்கிழமை கறுத்தப்பசு கொட்டிலிலேயே நின்றது.

திருவிழா முடிந்து தோரணங்கள் காயுமுன் சிவலை கத்தத் தொடங்கியது. மாடு வேட்கைக்கு வந்தால் ஊரே அறியக் கத்தும். சினைப்படாத மாடு இருபத்தொரு நாளுக்கு ஒருதரம் கத்தும் என்பது கணக்கு. அட்டையிலிருந்த பொய்த் திகதிக்கு இருபத்தோராம் நாள் கத்தியிருந்தாலாவது, "தரிக்கேல்லைப் பிள்ளை, என்ன செய்யிறது" என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சமாளித்திருப்பேன். சிவலை என்னிடம் கேளாமல் பதினேழாம் நாளே கத்தியது. நான் வானொலியைக் கூட்டி வைத்தேன். அதுவும் குரலைக் கூட்டியது.

"ரீச்சர், மாடேன் கத்துது?" என்று எதிர்ப்படலையிலிருந்து குரல் வந்தது.

"தண்ணி விடாய்" என்றேன். சிவலைக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

எங்கள் பகுதிக்குச் செயற்கை முறையில் சினைப்படுத்த வருகிறவர் மோட்டார்சைக்கிளில் வருகிற ஒருவர். கெட்டிக்காரர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. அவரைக் கூப்பிட்டால், "என்ன ரீச்சர், போன மாதமும் செய்ததெண்டு கேள்விப்பட்டன், ஆர் வந்தது?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கேட்பார். அந்த வேட்கையை விட்டுவிடலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. அடுத்த திருவிழாவில் சிவலை நிறையப் பால் கறந்துகொண்டு நிற்க வேண்டுமென்றால் இந்த மாதமே தரிக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். எதிர்வீட்டவள் எண்ணியது ஒரு கன்றுக்காக. நான் எண்ணியது ஒலிபெருக்கிக்காக.

"இஞ்சேருங்கோ, பக்கத்து ஊரிலை ஒருத்தர் சினைக்கு விடுற நாம்பன் வைச்சிருக்கிறாராமே?" என்று கணவரிடம் மெல்லக் கேட்டேன்.

"உமக்கு விசரே? ஊசி ஒண்டும் போடாத மாட்டைக் கண்ட கண்ட கொட்டிலுக்கை கொண்டுபோறதோ?" என்றார் அவர். விஞ்ஞானம் படிக்காத மனிதர். ஒன்பதாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். நான் அவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தவர்கள் பிறகு எதற்கும் சம்மதிப்பார்கள்.

சோறு தின்றுவிட்டு ஊர் கண்ணயரும் நேரம் பார்த்து, நடு வெயிலில் புறப்பட்டோம். அவர் முன்னால் கயிற்றைப் பிடித்தார். நான் பின்னால் ஒரு கையில் குடையும் மறு கையில் பூவரசங் கம்புமாக நடந்தேன். வீட்டுச் சீலையோடு ஒழுங்கையில் இறங்கிப் பழக்கமில்லை, ஆகவே கஞ்சி போட்ட பருத்திச் சீலை கட்டியிருந்தேன். தோட்டவெளியில் தபாலதிபர் சைக்கிளில் எதிரே வந்தார். ஊரெல்லாம் நித்திரை, அவர் மட்டும் முழிப்பு.

"என்ன ரீச்சர், மாட்டோடை?"

"சும்மா, மேய்க்க" என்றேன்.

அவர் என் சீலையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு கத்திக்கொண்டிருந்த சிவலையைப் பார்த்தார். தலையை ஒருதரம் ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

நாம்பன்காரரின் வளவில் ஒரு புதுப் பசு கட்டியிருந்தது. அதன் வாயிலிருந்து நூல் நூலாய் வீணி வடிந்தது. ஒரு காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. "நேற்றுத்தான் வாங்கியந்தது, லொறிப் பயணக் களைப்பு" என்றார் அவர். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அதைக் கண்டேன், கண்டதன் பொருளும் எனக்குத் தெரியும். "வெயில்தானே, வாய் வடியும்" என்று நான்தான் சொன்னேன். வந்த வேலை முடிந்தது. திரும்பி வரும் வழி முழுக்க நான் அடுத்த வருடத் திருவிழாவைப் பற்றிக் கதைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை சிவலை புண்ணாக்கை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மத்தியானம் வாய் வடிந்தது. பின்னேரம் நொண்டியது. கறக்கப் போனேன், ஒரு போத்தலுக்கு மேல் இல்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்ததை என் கணவரிடம்கூடச் சொல்லாமல், "பல்லுக்கை ஏதோ குத்தியிருக்கும்" என்றேன்.

எதிர்வீட்டவள் சிவலை நொண்டுவதை வேலிக்கு மேலால் கண்டுவிட்டாள். வெந்நீரும் உப்பும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு வந்து, கொட்டிலில் குந்தி, சிவலையின் வாயைத் திறந்து கழுவினாள். நாக்கிலிருந்த கொப்புளங்களைத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தாள். "நீங்கள் தள்ளி நில்லுங்கோ ரீச்சர், சீலை ஊத்தையாப் போகும்" என்றாள். நான் தள்ளி நின்றேன்.

அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். "வேண்டாமடி, இது தொத்து வருத்தம், உன்ரை வீட்டிலை சினை மாடு நிக்குது" என்று சொல்லியிருக்க வேண்டும். வருத்தத்தின் பெயரைச் சொன்னால் ஊசி போடாத கதை வரும், முந்தநாள் சினைப்படுத்திய கதை வரும், நாம்பன் கதை வரும். அவள் அந்தத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து தன் வீட்டுக்குப் போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் என் கணவர் என்னைக் கேளாமல் தொலைபேசியில் சொல்லி உத்தியோகத்தரைக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பிள்ளை சிவலையின் வாயைப் பார்த்தது, குளம்பைப் பார்த்தது, முகம் மாறியது.

"ரீச்சர், மாட்டை வெளியிலை எங்கையாவது கொண்டுபோனனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை."

"நாம்பனுக்குக் கொண்டுபோனது" என்றார் என் கணவர். நாற்பது வருடத்தில் என் பேச்சை அவர் வெட்டிப் பேசியது அன்றுதான்.

அந்தப் பிள்ளை அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "சினை மாட்டை நாம்பனுக்கோ?" என்று மெல்லக் கேட்டது. பிறகு அட்டையை எடுத்து, தான் அழகாய் எழுதியிருந்த திகதியின்மேல் ஒரு கோடு போட்டது. எத்தனை விடைத்தாள்களில் எத்தனை கோடு போட்டிருப்பேன். கோடு வாங்குகிற பக்கத்தில் இருந்து அன்றுதான் பார்த்தேன்.

"ரீச்சர், ஊசி போட்ட நேரம் சினைப்படுத்தினால் ஒருவேளை தவறும். தவறினால் மூண்டு கிழமையாலை திரும்பச் செய்யலாம். ஆனா இந்த வருத்தம் வந்தால் வயித்திலை இருக்கிறதும் போகும், பேந்து எத்தனை மாதம் பிடிக்காதோ தெரியாது. அதுக்காகத்தானே நாள் பாத்துப் போடுறது." அது கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன்.

அந்தப் பிள்ளை நேரே எதிர்வீட்டுக்குப் போனது. படலையடியில் சுண்ணாம்பு போடுங்கோ, கால் கை கழுவுங்கோ, அங்காலை இஞ்சாலை போகாதேங்கோ என்று சொல்வது எனக்குக் கேட்டது. கறுத்தப்பசு அப்போது நன்றாகத்தான் நின்று அசைபோட்டது. "எழுபது நாளாகப் போகுதே, ஒண்டும் ஆகாதே மிஸ்?" என்று அவள் கேட்டாள். அதற்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை ஒழுங்கையைக் கடந்து போனது. நாலு நாளில் கறுத்தப்பசுவின் வாய் வடிந்தது. அவள் இரவு பகலாய் அதன் பக்கத்திலேயே இருந்தாள். மஞ்சள் அரைத்தாள், கஞ்சி பருக்கினாள், குளம்பைக் கழுவினாள். வாய்ப் புண் ஆறத் தொடங்கி, பசு புல்லில் வாய் வைத்த அன்று காலை, கன்று கலைந்துவிட்டது. நான் எங்கள் கிணற்றடியில் நின்றேன். அவள் வளவு மூலையில் தென்னைக்குக் கீழே ஒரு சின்னக் கிடங்கு வெட்டினாள். வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்த எதையோ அதில் வைத்தாள். அது ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. மண்ணை மூடிவிட்டுக் காலால் மிதிக்காமல் கையாலேயே அமத்தினாள். அழக்கூட எனக்கு உரிமை இருந்ததாகத் தெரியவில்லை.

வேலியில் சாக்கு அப்படியே கிடந்தது.

அதன்பின் இரண்டு கிழமையில் யாவாரியின் லொறி வந்தது. கறுத்தப்பசு ஏற மறுத்து நின்றது. அவள் முன்னால் போய்க் கழுத்தைத் தடவி ஏதோ சொன்னாள், ஏறியது. லொறி ஒழுங்கையால் திரும்பியதும் நான் ஒரு செம்பு பாலோடு அவள் வீட்டுக்குப் போனேன். சிவலை தப்பிவிட்டது. இரண்டு போத்தல் கறந்தது. நாம்பனிடம் போனதிலும் தரிக்கவில்லை. அதற்குச் சுகம் வரட்டும், பிறகு ஊசி, பிறகு ஒரு மாதம் பொறுத்துத்தான் சினைப்படுத்துவது என்று அந்தப் பிள்ளை அட்டையில் எழுதித் தந்திருந்தது.

அவள் குசினி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழா, தபாலதிபர், முந்தநாள், வானொலி, குடை, நூல் நூலாய் வடிந்த வீணி, அவளுடைய கையைப் பிடிக்காமல் நான் தள்ளி நின்றது, ஒன்றும் விடவில்லை. அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று மனதார விரும்பினேன். மாடு வேண்டுமானால் என்னுடையதைக் கொண்டுபோ என்றேன். அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முந்தநாள் சினைப்படுத்தேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் ரீச்சர்" என்றாள். "அந்த மோட்டச்சைக்கிள் ஒழுங்கைக்கை வந்தால் எனக்குக் கேளாதே? வரேல்லை."

"அப்ப ஏன் பிள்ளை ஊசியை வேண்டாமெண்டு சொன்னனீ?"

"நீங்கள் பொய் சொல்லுற ஆள் இல்லையே" என்றாள். "நீங்களே பொய் சொல்லி மறிக்கிறியளெண்டால், அந்த ஊசியிலை வெளியிலை சொல்ல ஏலாத கெடுதி ஏதோ கிடக்கு எண்டு நினைச்சன். ரீச்சருக்குத் தெரியாததே எண்டு நினைச்சன்."

அவள் எழுந்து செம்பை வாங்கிப் பாலைத் தன் பானையில் ஊற்றினாள். செம்பைக் கழுவினாள். பிறகு வேலிக்குப் போய் அந்தச் சாக்கை எடுத்து உதறி, நாலாய் மடித்து, செம்போடு சேர்த்து என் கையில் தந்தாள்.

"சிவலைக்கு உதவும் ரீச்சர். கழுவித்தான் வைச்சனான்."

நான் அதை வாங்கிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து வீட்டுக்கு வந்தேன்.